முடிச்சூர் பக்கம் மனை வாங்கலாமா? பக்கத்துச் சர்வே எண்களையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் – வரதராஜபுரம் பக்கம் 1,200 சதுர அடியில், அதாவது அரை கிரவுண்டில், ஒரு மனை பார்த்திருக்கிறீர்கள். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் இருக்கிறது, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் இருக்கிறது, வங்கியும் கடன் தரத் தயார். ஆனால் 2015-ல் மூழ்கிய ஏரியா ஆயிற்றே என்று வீட்டில் தயங்குகிறார்கள். "இப்ப கால்வாய் கட்டிட்டாங்க சார், தண்ணி வராது" என்கிறார் புரோக்கர். இடம் கிளியரா, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. நிலம் விற்பவருக்குச் சொந்தமா, அதில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பது ஒன்று. அங்கே இருபது முப்பது வருஷம் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்க முடியுமா என்பது இன்னொன்று. மனை விற்பவர்கள் முதல் கேள்விக்கான காகிதங்களை மேசையில் பரப்பி, இரண்டாவதற்கும் பதில் சொல்லிவிட்டதாகப் பேசுவார்கள். உங்கள் வீட்டார் தயங்குவது இரண்டாவதைப் பற்றி. அதற்கு அப்ரூவல் எண்ணில் பதில் கிடையாது.

நான் சிவில் இன்ஜினியர். லேஅவுட் வரைபடம் போட்டு அனுமதிக்கு அனுப்பும் வேலையில் பல வருஷம் இருந்தேன்; இப்போது வங்கிகளுக்காக மனை, வீடு மதிப்பீடு செய்கிறேன். வக்கீல் இல்லை. வாரிசுரிமை, உயில், பவர் பத்திரம் இதிலெல்லாம் சிக்கல் இருந்தால், நல்ல சிவில் வக்கீல் ஒருவரிடம்தான் போக வேண்டும். வங்கியின் வக்கீல் போதாது. உங்கள் காசில், உங்களுக்காகப் பார்க்கிற வக்கீல் வேண்டும்.

வங்கி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதில்தான் ஏமாறுகிறார்கள். "பேங்க்கே லோன் கொடுக்குதுன்னா இடம் நல்ல இடம்தானே" என்பார்கள். வங்கியின் வக்கீல் பார்ப்பது, கடன் அடைபடாவிட்டால் இந்தச் சொத்தை ஏலம் விட முடியுமா என்பதை. என்னைப் போன்ற மதிப்பீட்டாளர் பார்ப்பது, இன்றைய சந்தையில் இது என்ன விலைக்குப் போகும் என்பதை. எங்கள் அறிக்கைப் படிவத்தில் எல்லை, அளவு, ரோடு அகலம், வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு எல்லாம் இருக்கும். கார்த்திகை மாசத்தில் இந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று விரிவாக எழுத இடம் இருக்காது. மதிப்பீட்டாளர் வெயில் நாளில் வந்து சற்று நேரம் பார்த்துவிட்டுப் போவார். வங்கி ஏமாற்றுகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதன் கவலை வேறு, உங்கள் கவலை வேறு. மாசாமாசம் வரும் உங்கள் சம்பளத்தை நம்பித்தான் அது கடன் தருகிறது.

அப்புறம் காகிதங்கள். சிஎம்டிஏ அப்ரூவ்டு என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். அனுமதி எண்ணோடு கூடிய லேஅவுட் வரைபடத்தின் நகலை வாங்கி, உங்கள் மனை எண் அதில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். பூங்காவுக்கோ பொதுப் பயன்பாட்டுக்கோ ஒதுக்கிய இடத்தைப் பிற்காலத்தில் மனையாக விற்றுவிடுவது நம்மூரில் புதிது அல்ல. லேஅவுட் நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்திருக்க வேண்டும். ரோடுகளையும் உள்ளாட்சிக்கு அப்படியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தானப் பத்திரங்களின் நகலைக் கேளுங்கள். ரோடு இன்னும் புரமோட்டர் பெயரிலேயே இருந்தால் நாளைக்கு அந்த ரோட்டைப் போடுவதற்கு யாரும் வரமாட்டார்கள்.

இன்னொன்று: பத்திரம் பதிவாகிறது என்பதால் மட்டும் அப்ரூவல் இருக்கிறது என்று ஆகாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 20.10.2016 முதல் அனுமதியற்ற மனைகளின் பதிவைத் தடுக்கிறது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே வீட்டு மனையாக ஒரு முறை பதிவான இடத்தை மறுபடி பதிய விலக்கு உண்டு. அப்படிப்பட்ட மனையை 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் முறைப்படுத்தியிருக்கிறார்களா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டட அனுமதியில் மாட்டிக்கொள்வீர்கள். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று யாராவது சொன்னால் அதை அப்ரூவலாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். சிஎம்டிஏ அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தில் ஒரு லேஅவுட் உருவாகிவிடாது. சிஎம்டிஏ தரும் திட்ட அனுமதியிலும், இந்த அனுமதி நில உரிமையை உறுதிப்படுத்துவது ஆகாது என்ற நிபந்தனை இருக்கும். அதையும் படியுங்கள்.

பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் (நிலம் கைமாறி வந்த பழைய மூலப் பத்திரம்) இவற்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். பதியாத உயிலோ, நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கோ பெரும்பாலும் அதில் தெரியாது. சென்னைப் புறநகரில் கூடுதலாகக் கேட்க வேண்டியது, 1978-ன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் (ஒருவர் வைத்திருக்கும் நகர்ப்புற நிலத்துக்கு வரம்பு போட்டு, மிச்சத்தை அரசு எடுத்துக்கொண்ட சட்டம்) அந்தச் சர்வே எண் சிக்கியதா என்பது. அந்தச் சட்டம் 1999-ல் ரத்தாகிவிட்டது. ஆனால் அதற்கு முன் அரசு கையகப்படுத்தி முடித்த நிலங்கள் அரசு நிலங்கள்தான். கோயில் நிலம், வக்ஃபு நிலம், பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கியது) ஆகியவையும் இப்படியே: கையில் பத்திரம் இருக்கலாம், உரிமை இருக்காது.

இவ்வளவும் உங்கள் சர்வே எண்ணைப் பற்றியது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, அதைச் சுற்றியுள்ள சர்வே எண்களைப் பற்றி. மனை வாங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் தங்கள் சர்வே எண்ணைத் துருவிப் பார்ப்பார்கள். பக்கத்து எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் வருவது பக்கத்து எண்ணிலிருந்துதான். வழி போவதும் பக்கத்து எண் வழியாகத்தான். நாளைக்கு அடுக்குமாடியோ கிடங்கோ வந்து உங்கள் வெளிச்சத்தை மறைப்பதும் பக்கத்து எண்ணில்தான்.

இதற்கு முதலில் கிராம வரைபடம் வேண்டும். அதில் ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் எண்ணோடு இருக்கும். உங்கள் லேஅவுட்டின் சர்வே எண்களை அதில் பென்சிலால் வட்டமிடுங்கள். அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு, அரசின் நில ஆவண இணையதளத்தில் ஒவ்வொன்றுக்கும் 'அ' பதிவேட்டு விவரத்தை (அது என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு) எடுங்கள். அதில் ரயத்துவாரி என்றிருந்தால் தனியார் நிலம். சர்க்கார் புறம்போக்கு என்றிருந்தால் அதற்கு எதிரே என்ன புறம்போக்கு என்று எழுதியிருப்பார்கள்: வாய்க்கால், ஓடை, தாங்கல், குட்டை, மேய்க்கால், களம், பாதை. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே புதர் மண்டிய காலி இடமோ தார் ரோடோ இருக்கலாம். பதிவேட்டில் வாய்க்கால் என்றிருந்தால் மழைக்காலத்தில் அது வாய்க்கால்தான். மேலே மூடி ரோடு போட்டிருந்தாலும் தண்ணீர் அந்தச் சரிவைத் தேடி வரும். உங்கள் லேஅவுட்டுக்குப் போகும் வழியே அந்த வாய்க்கால் புறம்போக்கின் மேல் அமைந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே இருக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கு என்றால் நீதிமன்றங்களும் இரக்கம் காட்டுவதில்லை. உங்கள் மனை பட்டா நிலமாக இருந்தும் போகும் வழி இல்லாமல் நிற்க நேரலாம்.

புலப்படத்தையும் (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் வரைபடம்) எடுத்துப் பாருங்கள். மூலச் சர்வே எண்ணின் அளவுகளும் லேஅவுட் வரைபடத்தின் அளவுகளும் ஒத்துப்போகவில்லை என்றால், எந்தப் பக்கம் நிலம் "வளர்ந்திருக்கிறது" என்று கேளுங்கள். வாய்க்கால் பக்கம் வளர்ந்திருந்தால் அந்த ஓர மனைகளைத் தொடாதீர்கள்.

அடுத்தது, தாய்ப்பத்திரத்தில் அந்த நிலம் நன்செய் என்றிருந்ததா, புன்செய் என்றிருந்ததா என்று பாருங்கள். வக்கீல்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள், எனக்கு இது மிக முக்கியம். நன்செய் என்றால் ஒரு ஏரியின் மதகிலிருந்து பாய்ந்த நிலம். அதாவது ஏரிக் கரைக்குக் கீழே, தாழ்வாக, பெரும்பாலும் களிமண்ணோடு இருக்கும் நிலம். நெல் விளைய எந்தக் குணம் உதவியதோ அதே குணம் வீட்டுக்கு உபத்திரவம்: தண்ணீர் எளிதில் இறங்காது.

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளை ஒரு சங்கிலியாகத்தான் அமைத்திருக்கிறார்கள். மேலே உள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது, கடைசியில் ஆறு. ஒரு ஏரியைச் சுற்றி மூன்று இடங்களில் மூன்று வகையான ஆபத்து. கலங்கலுக்குக் கீழே உபரி நீர்க் கால்வாயின் ஓரம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் வேகமாக வரும், வேகமாகவும் வடியும். கரைக்கு நேர் கீழே இருப்பவர்களுக்குச் சாதாரண மழையில் ஒன்றும் ஆகாது. கரை உடைந்தால் தப்ப நேரம் இருக்காது. மூன்றாவது இடம்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுவது: ஏரிக்கு மேல்பக்கம், தண்ணீர் வந்து பரவும் ஓரம். அங்கே ஏரியின் புறம்போக்கு எல்லை ஒரு இடத்தில் முடியும், ஆனால் ஏரி முழுக் கொள்ளளவை எட்டும்போது தண்ணீர் அந்த எல்லையைத் தாண்டிப் பட்டா நிலத்துக்குள்ளும் வரும். பட்டா நூறு சதவீதம் சரி. தண்ணீரும் நூறு சதவீதம் வரும். பல வருஷம் ஏரி நிரம்பாமல் கிடந்தால் அந்த நிலம் காய்ந்து, மேடு போலத் தெரியும். அப்போதுதான் அங்கே மனை பிரிப்பார்கள்.

சரி, உங்கள் முடிச்சூருக்கு வருவோம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம்தான் காரணம் என்று பொதுவாகப் பேசுகிறார்கள். அடையாற்றின் கீழ்ப்பகுதிக்கு அது பெரிய அளவில் பொருந்தும். அப்போது ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி வரை திறந்தார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைக்கு அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. உங்கள் பகுதிக்கு வந்த தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும், அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் கொட்டிய 49 செ.மீ. மழையும்தான். கீழே ஆறு நிரம்பி ஓடும்போது மேலே வடிவது மெதுவாகும் என்பது உண்மை, ஆனால் மூலகாரணம் வேறு. "செம்பரம்பாக்கத்தை இப்பல்லாம் முன்கூட்டியே திறந்துடறாங்க, பயம் இல்லை" என்று புரோக்கர் சொன்னால் அந்த ஆறுதல் உங்கள் மனைக்குப் பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான். அதற்குப் பிறகும் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில், அதே பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது.

2015-க்குப் பிறகு அந்தப் பக்கம் கால்வாய் வேலைகள் நடந்திருக்கின்றன, ஆற்றையும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். நடுத்தர மழைக்கு இவை உதவும். முன்பு மூன்று நாள் நின்றது ஒரு நாளில் வடியலாம். ஆனால் 2015 போன்ற மழைக்கு என்ன ஆகும் என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள். கால்வாயைக் கட்டுவது ஒரு வேலை. ஒவ்வொரு புரட்டாசிக்கும் முன்னால் அதைத் தூர்வாருவது இன்னொரு வேலை. இரண்டாவது தவறினால் முதல் வேலையால் பலன் இல்லை. அந்தப் பக்கம் மேடாகப் போகும் வெளிவட்டச் சாலையையும் கணக்கில் எடுங்கள். மேட்டுச் சாலை தண்ணீரை ஒரு பக்கம் நிறுத்தி, சிறு பாலங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் விடும். உங்கள் மனை எந்தப் பக்கம், கிட்டத்தில் பாலம் இருக்கிறதா, அதன் வாய் எந்தத் திசையில் திறக்கிறது என்று நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

நேரில் போகும்போது மனையில் நின்று செல்ஃபி எடுப்பதைவிட, தெருவில் ஏற்கெனவே இருக்கும் பழைய வீடுகளைப் பார்ப்பது அதிகம் சொல்லும். ஈபி மீட்டர் பெட்டி வழக்கமான உயரத்தில் இருக்கிறதா, கழற்றித் தலைக்கு மேலே ஏற்றியிருக்கிறார்களா? அதன் கீழே பழைய பெட்டி இருந்த சதுரம் வேறு நிறத்தில் தெரியும். சம்ப் மூடியைச் சுற்றிச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்களா? மோட்டார் தரையில் இருக்கிறதா, கான்கிரீட் மேடையில் இருக்கிறதா? கேட்டுக்கு உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டி, அதைத் தாண்டி வீட்டுக்குள் போகிறார்களா? காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் தெரு நெடுக உப்புப் பூத்த கோடு ஓடுகிறதா? இவையெல்லாம் காசு செலவழித்துச் செய்த மாற்றங்கள். தேவையில்லாமல் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

கேள்வியையும் சரியாகக் கேளுங்கள். "இங்க தண்ணி வருமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டால், தன் வீட்டு விலை குறையுமே என்று "அதெல்லாம் இல்லை" என்பார். இஸ்திரி போடுபவரிடமும் பால் போடுபவரிடமும் மளிகைக் கடையிலும் கேளுங்கள்: 2015-ல் எது வரைக்கும் வந்தது, 2023-ல் எது வரைக்கும், எத்தனை நாள் நின்றது, கரண்ட் எப்போது வந்தது, எந்தத் தெரு வழியாக வெளியே போனீர்கள்? உயரத்தைவிட எத்தனை நாள் நின்றது என்பதுதான் முக்கியம். கணுக்கால் தண்ணீர் அஞ்சு நாள் நிற்பது, இடுப்பளவு வந்து ஆறு மணி நேரத்தில் வடிவதைவிட வீட்டைக் கெடுக்கும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். சித்திரை வெயிலில் எந்த மனையும் அழகாகத்தான் இருக்கும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால், கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பாருங்கள். லேஅவுட் வருவதற்கு முந்தைய படத்தில், கோடையிலும் கரும்பச்சையாக ஒரு கோடு வயலைக் குறுக்கே வெட்டிப் போனால், அதுதான் பழைய ஓடை.

மட்டம் பற்றி ஒரு வார்த்தை. "நாலு அடி மண் போட்டு ஏத்திட்டா முடிஞ்சது" என்பார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வராது, சரி. ரோடு மூழ்கினால் நீங்கள் தீவில் இருப்பீர்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வராது. கொட்டிய மண் இறுகாமல் அதன் மேல் அஸ்திவாரம் போட்டால் சுவர் விரிசல் விடும். களிமண் வேறு மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அந்தப் பக்கம் கட்டுவதானால் மண் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள், பைல் அஸ்திவாரம் (ஆழத்தில் தூண் இறக்கிப் போடுவது) தேவைப்பட்டால் அந்தச் செலவையும் மனை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். குறைந்த விலைக்குக் கிடைக்கும் தாழ்வான மனையும் சற்று அதிக விலைக்குக் கிடைக்கும் மேட்டு மனையும் கடைசியில் ஒரே விலையில் வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். கழிவுநீரையும் மறக்காதீர்கள். பாதாளச் சாக்கடை வராத தெரு என்றால் செப்டிக் டேங்க்தான். களிமண்ணில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. நிலத்தடி நீர் மேலே ஏறும் மழை மாசங்களில் டேங்க் நிரம்பி வழியும், லாரியும் அந்த நேரத்தில் கிடைக்காது. வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட இதைப் பற்றிப் பேசுவதில்லை. வருஷாவருஷம் வதைப்பது இதுதான்.

திட்ட விதிகளுக்கு வருகிறேன். சிஎம்டிஏ இணையதளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால், இரண்டாம் முழுமைத் திட்டத்தின்படி (மாஸ்டர் பிளான்) அந்த நிலம் எந்த உபயோகத்துக்கு என்று காட்டும். 2008-ல் வந்த அந்தத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்த திட்டம் தயாராகிறது. ஆகவே இன்று காட்டுவது நாளைக்கு மாறலாம். இங்கேயும் உங்கள் எண்ணை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். கிழக்கே இருக்கும் காலி வயல் விவசாய மண்டலமா, தொழில் மண்டலமா, கலப்புக் குடியிருப்பா என்று பாருங்கள். "வியூ நல்லா இருக்கு" என்று காட்டும் வெட்டவெளி தொழில் மண்டலமாக இருந்தால் அங்கே கிடங்கு வரலாம், ராத்திரியெல்லாம் லாரி ஓடலாம். முழுமைத் திட்டத்தில் அகலப்படுத்தக் குறித்துள்ள சாலைகள் உண்டு. மனை அப்படிப்பட்ட சாலையைத் தொட்டால் முன்பக்கம் ஒரு பகுதி போகும். தாம்பரம் விமானப்படை நிலையத்துக்கு அருகில் என்றால் கட்டடக் கட்டுப்பாடு தனியாக இருக்கிறது. மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறதா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை.

வீடு கட்டும் அனுமதியைப் பொறுத்தவரை இப்போது எளிது. 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மாநிலம் முழுவதற்கும் பொது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமும் முதல் மாடியுமாக 3,500 சதுர அடி வரை, சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. உங்கள் 1,200 சதுர அடி இதற்குள் வரும். ஆனால் சுயசான்று என்றால் பொறுப்பு உங்களுடையது. விவரம் தவறாக இருந்தால் பின்னால் அனுமதியை ரத்து செய்யலாம்.

வாங்கிய பிறகு விதி மாறும் ஆபத்தும் உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற தகுதி) வந்தது. 2025 செப்டம்பரில், அறிவியல் ஆய்வு முடியும் வரை அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொன்னது. அந்தச் சுற்றுவட்டத்தில் பட்டா, பத்திரம் எல்லாம் சரியாக வைத்திருந்தவர்களும் கட்ட முடியாமல் நின்றார்கள். முடிச்சூருக்கு அந்த உத்தரவு பொருந்தாது. நீர்நிலையை ஒட்டிய நிலத்துக்கு இப்படியும் நேரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விலை ஏறுமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது, அதன் தாக்கம் இன்றைய விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ என்பதை மனதில் வைத்து விலை சொல்வார்கள். அறிவிப்பு, ஒப்புதல், நிதி, தூண் எல்லாம் தனித்தனிக் கட்டங்கள். தூண் எழும்பும் வரை அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பத்து வருஷத்தில் என்ன விலை போகும் என்று நான் ஊகிக்க மாட்டேன். வெள்ளம் வந்த தெருவில், வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் விற்கப் போனால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதை மட்டும் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் முடிச்சூர்ப் பக்கமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே ஒரு தெரு மூழ்கும், இரண்டு தெரு தள்ளி ஒரு சொட்டு நிற்காது. சர்வே எண் தெரியாமல் உங்கள் மனையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. என் வீட்டாருக்கு என்றால் எப்படி முடிவெடுப்பேன் என்று சொல்கிறேன். மனையையோ வரும் வழியையோ தொட்டுக்கொண்டு வாய்க்கால், ஓடை, ஏரிப் புறம்போக்கு இருந்தால் விலை பாதியானாலும் வாங்க மாட்டேன். 2015-ல் வந்து 2023-ல் வராத தெரு என்றால், மட்டமும் மண்ணும் பார்த்துவிட்டு யோசிப்பேன். இரண்டு முறையும் வந்து நாள் கணக்கில் நின்ற தெரு என்றால் விட்டுவிடுவேன். ரோடு 30 அடிக்குப் பதில் 23 அடி, ஸ்டேஷன் சற்றுத் தூரம், பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன் தேவை என்பதையெல்லாம் மேடான இடத்துக்காகச் சகித்துக்கொள்வேன்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் ஒரு காகிதத்தைக் கேளுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் லேஅவுட் அனுமதிக்கு முன், வெள்ளம் சூழும் வாய்ப்பைப் பற்றி நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று கேட்பது வழக்கம். அந்தக் கடிதத்தில் பக்கத்தில் எந்த ஏரி, எந்த வாய்க்கால், நிலத்தின் இப்போதைய மட்டம் என்ன, எந்த மட்டம் வரை உயர்த்த வேண்டும், வாய்க்காலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று நிபந்தனையாக எழுதியிருப்பார்கள். நான் இதுவரை சொன்னதில் பாதிக்குப் பதில் அந்த இரண்டு மூன்று பக்கங்களில் கிடைக்கும். சொன்ன மட்டத்துக்கு நிலத்தை உயர்த்தியிருக்கிறார்களா என்று ஒரு சர்வேயரை வைத்து அளந்துவிடலாம், பெரிய செலவு இல்லை. புரமோட்டரிடம் இந்தக் கடிதம் இருந்தால் பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். "அதெல்லாம் எதுக்கு சார், அதான் அப்ரூவல் இருக்கே" என்று இழுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு சிஎம்டிஏவுக்கும் நீர்வளத்துறைக்கும் விண்ணப்பியுங்கள். லேஅவுட் அனுமதி எண்ணைக் குறிப்பிட்டுக் கோப்பில் உள்ள தடையின்மைச் சான்றின் நகலைக் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. அந்த முப்பது நாளுக்குள் வேறு யாராவது மனையை வாங்கிவிடுவார் என்று அவசரப்படுத்தினால், வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் நிபந்தனைப் பகுதியையும் கிராம வரைபடத்தில் நீங்கள் வட்டமிட்ட சர்வே எண்களையும் எழுதுங்கள், படித்து என்ன அர்த்தம் என்று சொல்கிறேன்.